மேல் கம்பியை மாற்றித் தாருங்கள்: மலைநாட்டுப் பண்ணையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெக்சஸ் மலைநாட்டில் வேட்டை நிலம் வைத்திருக்கும் பண்ணை உரிமையாளர்களுக்கும், அந்நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையாடுவோருக்கும் வணக்கம்.

ஆட்டுக்காக அடித்த வலைவேலியும் அதன் மேல் ஓடும் ஒற்றை முள்கம்பியும் மானை என்ன செய்யும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே, சென்ற நவம்பரில், வேட்டைப் பருவம் தொடங்கிய வாரத்தில், லானோ என்ற ஊருக்குச் செல்லும் கிளைச்சாலை ஒன்றில் நான் கண்டதைச் சொல்லி ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

வேலிக்கு அப்புறம் ஒரு பெண்மான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தாண்டும்போது வயிற்றோடு மடக்கிய பின்னங்கால் வலையின் மேல்விளிம்புக்கும் முள்கம்பிக்கும் இடையே நுழைந்து, உடல் மறுபுறம் விழுந்த வேகத்தில் இரண்டும் முறுக்கிக்கொண்டு காலை இறுக்கியிருந்தன. முன்னங்கால்கள் எட்டிய இடமெல்லாம் புல் பெயர்ந்து, அரைவட்டமாக வெறும் மண் தெரிந்தது. எத்தனை மணி நேரம் உதைத்திருந்தால் அவ்வளவு மண் கிளம்பும் என்று எண்ணிப் பாருங்கள். குளம்புக்கு மேலே தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. உயிர் மட்டும் போகவில்லை. அனுமதியின்றி நுழையக் கூடாது என்பதன் அடையாளமாக வேலிக்கால்களில் ஊதா வண்ணம் பூசியிருந்ததால் உள்ளே கால் வைக்க முடியாது. என்னிடம் கம்பி வெட்டும் குறடும் இல்லை. வாயிற்கதவில் ஒரு தொலைபேசி எண்கூட இல்லை. அழைத்த ஆள் வந்து சேர்வதற்குள் அதன் மூச்சு நின்றுவிட்டது.

இதை எப்போதோ நடக்கும் விபத்தென்று தள்ளிவிட முடியாது. யூட்டா, கொலராடோ மாநிலங்களின் சாலையோர வேலிகளை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த ஆய்வு, சராசரியாக இரண்டரை மைல் வேலிக்கு ஆண்டுக்கு ஒரு விலங்கு சிக்கிச் சாவதாகக் கணக்கிட்டது. மிகக் கொடியதென்று அது கண்டதும் மேலே முள்கம்பி ஓடும் இதே வலைவேலிதான். வேலியடியில் செத்துக் கிடந்தவற்றில் பெரும்பாலானவை, தாயின் பின்னால் தாண்ட முடியாமல் நின்றுபோன குட்டிகள்.

நான் வேட்டைக்கு எதிரானவர் அல்லர். ஒரே குண்டில், துடிக்க விடாமல் வீழ்த்த வேண்டும் என்று துப்பாக்கி பிடிக்கப் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்கள் நீங்கள். அந்த நியாயம் உங்கள் வேலிக்கும் பொருந்த வேண்டாமா? மானை வரவழைக்கும் தீவனத் தொட்டிக்கும் பதுங்கிச் சுடும் மறைவிடத்துக்கும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டாலர் செலவிடும் நிலத்தில், வேலியோரமாக ஒரு நாள் நடந்து பார்க்க ஆளில்லை என்பதை ஏற்க முடியவில்லை. இம்மாநிலச் சட்டப்படி காட்டுமான் நிலத்துக்காரரின் சொத்தன்று, டெக்சஸ் மக்கள் அனைவரின் சொத்து.

சொல் மிஞ்சியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கேட்பது இவ்வளவுதான்: மேல் கம்பியை மாற்றித் தாருங்கள். முள்ளில்லாத கம்பியைத் தரையிலிருந்து 42 அங்குலத்துக்கு மேற்படாமல், அதன் கீழே 12 அங்குல இடைவெளி விட்டுக் கட்டுங்கள். வலையின் உயரம் அதற்கு இடம் தராத பழைய வேலிகளில் முள்கம்பியை அறவே கழற்றிவிடுங்கள். வாயிற்கதவில் ஒரு தொலைபேசி எண்ணையும் எழுதி வையுங்கள். அடுத்த நவம்பருக்குள், குறைந்தது சாலையோர வேலியிலாவது, இதைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அந்தச் சாலையில் நாள்தோறும் போய்வரும் ஒருவர்