வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கம்: அலமேடா கவுண்டியின் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியாவின் அலமேடா கவுண்டியில் ஃப்ரீமாண்ட், யூனியன் சிட்டி, டப்ளின், பிளெசன்டன் ஊர்களில் குடியேறி, குடியுரிமையும் வாக்குரிமையும் பெற்றுவிட்ட அன்பர்களுக்கு வணக்கம்.

தேர்தல் நெருங்கிவிட்டால் அடுத்த அதிபர் யார் என்று நம் வீடுகளில் விடிய விடியப் பேச்சு நடக்கிறது. ஆனால் அஞ்சலில் வந்த வாக்குச்சீட்டில் பெரிய பதவிகளை நிரப்பியதும், மக்களே ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிவு செய்யும் உள்ளூர் வரித் தீர்மானங்கள் இருக்கும் பக்கத்தில் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். ‘இன்னொரு வரியா?’ என்று படிக்காமலே ‘இல்லை’ போடுபவர்களும் உண்டு. நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பக்கத்தைப் படித்து நிரப்புங்கள். நம் சைக்கிள் தடங்களுக்கும் நடைபாதைகளுக்கும் வரும் பணத்தில் பெரும் பங்கு அங்கேதான் முடிவாகிறது.

2012 நவம்பரில் ‘பி1’ என்ற தீர்மானம் வந்தது. போக்குவரத்துக்காக டாலருக்கு அரை சென்ட் வீதம் வாங்கும் விற்பனை வரியை நிரந்தரமாக்கி, மேலும் அரை சென்ட் கூட்டும் திட்டம் அது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அதாவது 66.67 சதவீதம் வேண்டியிருந்தது. கிடைத்தது 66.53. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தும் ஆயிரத்துக்குக் குறைவான வாக்குகளில் தோற்றது. இந்தக் கணக்கில் ஒரு ‘இல்லை’யை ஈடுகட்ட இரண்டு ‘ஆம்’ தேவை. நிரப்பாமல் விட்ட சீட்டை ‘இல்லை’ என்று எண்ணுவதில்லை, உண்மைதான். ஆனால் மனத்தில் இருக்கும் ஆதரவு சீட்டில் ஏறாவிட்டால் யாருக்கு என்ன பயன்?

இரண்டே ஆண்டுகளில் ‘பிபி’ என்ற பெயரில் தீர்மானம் மீண்டும் வந்தது. இம்முறை வரிக்கு 2045 என்று முடிவாண்டு குறித்திருந்தார்கள். 70 சதவீதத்துக்கு மேல் ஆதரவு பெற்று வென்றது. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 கோடி டாலர் திரட்டும் திட்டத்தில் 8 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் உரியது. அயர்ன் ஹார்ஸ், பே டிரெயில், ஈஸ்ட் பே கிரீன்வே ஆகிய நெடும்பாதைகளில் விட்டுப்போன துண்டுகளை இணைப்பதற்கு 26.4 கோடி டாலர் ஒதுக்கினார்கள். எட்டு சதவீதம் போதாது என்பது என் கருத்து. அதையும் தவறவிட நமக்கு வசதியில்லை.

விற்பனை வரி எளியவர்களை அதிகம் அழுத்தும் என்ற வாதம் நியாயமானது. அரிசி, பருப்பு, காய்கறிக்கு இங்கே விற்பனை வரி இல்லை என்பது ஓரளவு ஆறுதல். ஒரு குக்கர் வாங்கினால் உண்டு. அதைக் கட்டுபவர்களில் எச்-1பி விசாவில் கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு ரசீதிலும் வரி கட்டும் அவர்களுக்கு, அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று சொல்ல வாக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.

மாலையில் அலமேடா க்ரீக் டிரெயிலுக்குப் போய்ப் பாருங்கள். நைல்ஸ் கேன்யன் வாயிலிலிருந்து விரிகுடா வரை 12 மைல். தென்கரையில் தார்ப்பாதை, வடகரையில் மண்பாதை. புடவைக்கு மேல் ஸ்வெட்டரும், மகன் வாங்கிக் கொடுத்த ஷூவுமாக, சைக்கிளில் முன்னே போகும் பேத்தியைக் கண்ணால் தொடர்ந்தபடி ஓர் அம்மா நடந்துகொண்டிருப்பார். பார்வையாளர் விசாவில் வந்தவர், கார் ஓட்டத் தெரியாதவர். பகலெல்லாம் நான்கு சுவர்களுக்குள் இருப்பவருக்கு, யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடிகிற இடம் இது ஒன்றுதான். பெரிய சாலைகளுக்கு அடியில் பாதை நுழைந்து போவதால் அங்கே அவருக்குக் காரைப் பற்றிய பயம் இல்லை. பாதையை எட்டுவதற்குள்தான் அவ்வளவு பாடும். அகலமான சாலையைக் கடக்கையில் சிக்னல் தரும் நேரம் அவருடைய முழங்காலுக்குப் போதாது. நடுத்திட்டில் பேத்தியின் சைக்கிளை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வண்டிகள் பாய, அடுத்த விளக்குக்காக நிற்கிறார். அந்தக் கடப்பைச் சரிசெய்யவும் பணம் வேண்டும். அவருக்கும் வாக்கு இல்லை, பேத்திக்கும் இல்லை.

அந்தப் பாதையைப் பராமரிக்கும் ஈஸ்ட் பே பிராந்தியப் பூங்கா மாவட்டம் என்ற பொது அமைப்பே ஒரு வாக்கெடுப்பில் பிறந்ததுதான். 1934இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், ஓக்லாந்து, பெர்க்லி முதலிய ஊர்களில் வாக்களித்தவர்களில் 71 சதவீதத்தினர் பூங்காக்களுக்காகத் தங்கள் மீது தாங்களே வரி விதித்துக்கொண்டார்கள். கையில் காசில்லாத காலத்தில் எடுத்த அந்த முடிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றி பெருகுகிறது.

தீர்மானம் வென்றால் வேலை முடிந்தது என்றும் இருந்துவிடக் கூடாது. ‘பிபி’ நிறைவேறிப் பத்தாண்டுகள் கடந்தும் ஈஸ்ட் பே கிரீன்வே முழுமையடையவில்லை. செலவைக் கண்காணிக்கச் சுயேச்சையான மக்கள் குழு இருக்கிறது. அதன் கூட்டங்களுக்கு யாரும் போகலாம். அங்கே நம் முகங்களும் தென்பட வேண்டும்.

அடுத்த முறை வாக்காளர் கையேடு வந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தீர்மானத்தின் முழு வாசகமும் கவுண்டி வழக்கறிஞரின் நடுநிலை விளக்கமும் அதில் இருக்கும். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் எவ்வளவு, வரி எந்த ஆண்டு முடிகிறது, யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்று தேடுங்கள். திருப்தி இல்லையா, ‘இல்லை’ என்றே போடுங்கள். ஏன் என்று உங்கள் நகர மன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். அதற்கு முன், எந்தச் சாலையைக் கடக்கப் பயமாக இருக்கிறது என்று வீட்டில் வாக்கில்லாதவர்களிடம் கேளுங்கள்.

அன்புடன்,
ஃப்ரீமாண்ட் வாசி ஒருவர்