துருவேறி இறுகிய நட்டுகளும் நம் இளைஞர்களின் பாதுகாப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில், பழைய கன்சில் காரையோ சாகா காரையோ குறைந்த விலைக்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முற்றத்திலேயே வைத்துப் பழுதுபார்க்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். சொந்தக் கையால் வேலை கற்கும் அந்த ஆர்வத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், துருப்பிடித்து இறுகிய நட்டு ஒன்று குறுக்கே வந்துவிட்டால், ஸ்பேனரில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டு, காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, உடம்பின் பலம் முழுவதையும் திரட்டி இழுப்பதையே ஒரே வழியாகக் கருதுகிறார்கள். தோட்டப் பட்டறையில் டிராக்டர்களோடும் லோரிகளோடும் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுமாறு அவர்களைத் தங்கள் நாளிதழின் வழியாக வேண்டிக்கொள்கிறேன்.

கடலோரத் தோட்டப்புறங்களில் கார்கள் விரைவில் துருவேறுவதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. பெர்னாம் ஆறு கடலில் கலக்கும் இடம் நமக்கு அருகில் இருப்பதால், காற்றிலேயே உப்பு கலந்திருக்கிறது. அதைவிடக் கொடியது செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு உரம். அதன் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் பிக்கப்பிலும் வேனிலும் சிந்தும் தூள் ஈரத்தில் கரைந்து, அடித்தகட்டின் இடுக்குகளில் தங்கிவிடுகிறது. அதிலுள்ள குளோரைடு, இரும்பு துருப்பிடிக்கும் வேகத்தைப் பெரிதும் கூட்டிவிடும். அப்படி உருவாகும் துரு, தான் அரித்த இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால், நட்டின் திருகுமரைக்கும் போல்ட்டின் மரைக்கும் இடையே இருந்த நூலிழை இடைவெளியும் அடைபட்டுப் போகிறது. அந்த நிலையில் முரட்டுத்தனமாக முறுக்கினால், துரு விட்டுக்கொடுப்பதற்கு முன்பே போல்ட்டின் கழுத்து முறிந்துவிடும். பிறகு டிரில் போட்டு, புதிதாக மரை வெட்டி, அரை நாளில் முடிய வேண்டிய வேலை ஒரு வாரத்துக்கு இழுத்துவிடும்.

ஆகவே, முதலில் உடைக்க வேண்டியது துருவின் பிடியைத்தான். வெளியே தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து, இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். இடையிடையே மீண்டும் தெளித்து, சிறு சுத்தியலால் நட்டின் பக்கங்களில் நாலைந்து தட்டுகள் தட்டினால், அந்த அதிர்வில் துருவில் விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்க வழி கிடைக்கும். பலரும் கையில் எடுக்கும் டபிள்யூடி-40, 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஈரத்தை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. இலேசான துருவுக்கு அது போதும். ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடப்பதற்கு, ஊடுருவுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட எண்ணெய்தான் ஏற்றது. தானியங்கி கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து பயன்படுத்துவோரும் உண்டு. அந்தக் கலவை நின்றால் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும், பெயிண்டையும் அரிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

அண்மையில் பக்கத்து வீட்டுத் தம்பியின் கன்சிலில் பின்பக்க ஷாக் அப்சார்பரின் அடி போல்ட் அசைய மறுத்தது. மாலையில் எண்ணெய் விட்டு, மறுநாள் காலை பார்த்தபோது, நட்டின் விளிம்பைச் சுற்றியிருந்த வெளிர்பழுப்பு வளையம் கறுத்து ஈரமாகியிருந்தது. ஆறு முனை சாக்கெட்டை முழுவதும் உட்காரும்படி மாட்டி, முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு அழுத்தச் சொன்னேன். ‘டிக்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்டது. அதன்பின் கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, மறுபடியும் எண்ணெய் என்று முன்னும் பின்னுமாகத் திருப்பத் திருப்ப, செங்காவிச் சேறு போன்ற துரு மரையிலிருந்து பிதுங்கி வந்தது. குழாய் எதுவும் தேவைப்படவில்லை. அவசரப்பட்டு ஒரே மூச்சில் வெளியே சுற்றியிருந்தால், அந்தத் துருத்தூளே மரையில் நெரிந்து மீண்டும் இறுகியிருக்கும்.

பன்னிரண்டு முனை சாக்கெட்டையும் திறந்த வாய் ஸ்பேனரையும் இத்தகைய நட்டுகளுக்குப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவை மூலைகளை மட்டும் பற்றுவதால், ஏற்கெனவே அரித்துப்போன நட்டு உருண்டையாகிவிடும். நல்ல சாக்கெட்டுக்குக் கொடுக்கும் சில ரிங்கிட்டில் சிக்கனம் பார்ப்பது, வேலையையே கெடுத்துவிடும்.

எண்ணெய்க்கும் மசியாத நட்டுக்குச் சூடு காட்டலாம். பன்னிரண்டு மில்லிமீட்டர் துளையுள்ள நட்டின் வெப்பத்தை 200 பாகை செல்சியஸ் கூட்டினால், அந்தத் துளை ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர்தான் விரியும். என்றாலும் துருவின் பிடி தளர அதுவே போதும். போல்ட்டைச் சூடேற்றாமல் நட்டை மட்டும் சூடேற்றுவதுதான் இதில் முக்கியம். ஆனால் ரப்பர் புஷ், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஷாக் அப்சார்பரின் உடல் ஆகியவற்றின் அருகே தீயைக் கொண்டுபோகவே கூடாது. தெளித்த எண்ணெயை நன்றாகத் துடைத்த பிறகே டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் கழுவிய பாகத்தைச் சூடேற்றினால், பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். உயிரைப் பறிக்கக்கூடிய வாயு அது. டப்பாவின் மேலுள்ள எழுத்துகளைப் படிக்காமல் எதையும் தெளிக்க வேண்டாம்.

பிரேக்கில் காற்று எடுக்கும் சிறிய நிப்பிள்கள் இறுகியிருந்தால் இன்னும் அதிகக் கவனம் தேவை. அவை நடுவே துளையுள்ளவை. சற்று அழுத்தினாலே முறிந்துவிடும். பிரேக்கின் ரப்பர் சீல்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிக் கெட்டுப்போகும் என்பதால், நிப்பிளின் மரையைச் சுற்றி ஒரு துளி மட்டும் இட்டு, மீதியை உடனே துடைத்துவிட வேண்டும். டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு சொட்டும் படக் கூடாது. பிரேக் வேலையில் சிறிதளவு ஐயம் எழுந்தாலும், கார் நகர்வதற்கு முன் அனுபவமுள்ள போர்மனிடம் (மெக்கானிக்கிடம்) காட்டிவிடுவதே முறை.

என்னை இக்கடிதம் எழுதத் தூண்டிய கவலை ஜாக்கியைப் பற்றியது. நட்டை வலுவாக இழுக்கும்போது அந்த விசை காரைப் பக்கவாட்டில் தள்ளக்கூடும். காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே ஆனது. நம் பகுதியின் களிமண் தரையில், அதுவும் மழைக்குப் பிறகு, அது ஒருபக்கமாகப் புதைந்து சாயும். சிலர் பாதுகாப்புக்கென்று உள்ளீடற்ற சிமெண்டுக் கற்களை அடுக்குகிறார்கள். அவை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே கணத்தில் நொறுங்கக்கூடியவை. சிமெண்டுத் தரை இல்லாத இடத்தில் தடித்த பலகையின் மேல் ஜாக்கியை வைத்துத் தூக்கி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முறையான ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேல் காரை இறக்கி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் நுழைய வேண்டும். துருத்தூள் கண்ணில் விழாமலிருக்கக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது மரையைச் சுத்தம் செய்து, இறுகலைத் தடுக்கும் பசையை (ஆன்டி-சீஸ்) சிறிது தடவினால், அடுத்த முறை இந்தப் பாடு இராது. சக்கர நட்டுகளுக்கு மட்டும் தடவ வேண்டாம். அவற்றுக்குக் கையேடு குறிப்பிடும் இறுக்க அளவு பெரும்பாலும் உலர்ந்த மரைக்கானது. பசை பட்டால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

ஆசிரியர் அவர்களே, இவையெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. தமிழ் மட்டுமே சரளமாகப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எட்டுவதில்லை. வாரத்தில் ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி, ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளர்களைக் கைத்தொழில் குறிப்புகள் எழுத அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் சில வாரங்களுக்கான குறிப்புகளைப் படங்களுடன் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பட்டறைத் தொழிலாளி,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.