வவ்வால் இறக்கை

அன்புள்ள கோமு,

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு இங்கே அமெரிக்காவில் குளிர்காலத்துக்கென்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஊரே ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கியது, நான் அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்து முழித்துக் கிடந்தேன். விடிந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆனி மாதம் நீ அனுப்பியதற்கு இன்னும் பதில் போடவில்லை, தெரியும், திட்டுவதைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் திட்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு இந்த மாதமும் நைட் ஷிஃப்ட்தான். பெரியவன் என்னைவிட உயரமாகிவிட்டான். அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று செல்வி அக்கா சொன்னாள், நீ நேரில் போய்ப் பார்த்தாயா? வாத்தியார் வீட்டு முருங்கைக்காய் இல்லாமல் போயிருக்க மாட்டாய், அதுவும் எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஹாலோவீன். "பேய்க்கெல்லாம் விருந்தாடி, சுடலைக்குக் கொடை கொடுப்பது மாதிரியா?" என்று நீ அன்றைக்குக் கேட்டாயே, அந்த விருந்தை இந்த வருஷம் நானே எடுத்து நடத்தினேன். எங்கள் தெருவில் அன்று சாயங்காலம் முழுக்கப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய்க்கு வருவார்கள், பெரியவர்கள் கார் நிறுத்தும் டிரைவ்வேயில் நாற்காலி போட்டு, நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நெருப்பிலேயே சமைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றி இரண்டு வருஷம் ஆயிற்று. சும்மா பர்கர் சுட்டுக் கொடுக்க இல்லை. தட்டைப் பார்த்ததும் பிள்ளை "ஐயோ" என்று பின்வாங்கி, அப்புறம் கிட்டே வந்து, கடித்து, இன்னொன்று கேட்க வேண்டும்.

இதற்கு இங்கே ஆயிரம் யோசனை கிடைக்கும். பாதிக்கு மேல் பிளாஸ்டிக் சிலந்தியும் கறுப்புச் சாயமும்தான். எனக்கு அது பிடிக்கவே இல்லை. மூன்று வாரம் சனிக்கிழமை தோறும் வீட்டுக்குப் பின்னால் சுட்டுப் பார்த்ததில் ஒன்று புரிந்தது, கோமு. நாம் சரியான இடத்தில் கத்தி வைத்தால் போதும், பயமுறுத்துகிற வேலையை நெருப்பே செய்துவிடுகிறது. அரைத்த கறியைக் குழல் மாதிரி அடைத்த சாசேஜ் ஒன்றை எடுத்து இரண்டு முனையிலும் நாலாகக் கீறி, நடுவில் இரண்டு அங்குலம் விட்டுவிட்டுத் தணலில் போடு. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒவ்வொரு காலாக வெளிப்பக்கம் சுருண்டு வளையும், நுனி கறுக்கும், எட்டுக் காலோடு ஒரு சிலந்தி உன் கண்ணெதிரே எழுந்து நிற்கும். கணவாய்க் காலும் அப்படித்தான், இரண்டே நிமிடத்தில் சுருட்டிக்கொள்ளும், மூன்றாவது நிமிடம் விட்டால் ரப்பர். (ஊர்க் கணவாய் ருசி இங்கே கிடைக்காது, ஐஸில் வைத்ததுதான்.)

காளானை நீ செய்து பார்க்கலாம், அங்கேயும் பட்டன் காளான் கிடைக்கிறதே. நெட்டுவாக்கில் இரண்டாக வெட்டு. குடைப் பக்கத்தில் ஸ்டிராவால் இரண்டு ஓட்டை குத்து, காம்பில் கத்தி நுனியால் நாலு கோடு கீறு. பச்சையாக இருக்கும்போது அது பொம்மை மண்டையோடு மாதிரித்தான் இருக்கும். எண்ணெய், உப்பு, மிளகு தடவிச் சுட்டால் தண்ணீர் வற்றி, தோல் சுருங்கி, கண் குழி உள்ளே போய், பல் துருத்திக்கொண்டு வரும். எங்கள் தெருவில் எல்லோரும் நின்று பார்த்தது அதைத்தான். காளான் நிறைய தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு: இந்த வருஷம் ஹாலோவீன் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. நம் ஆட்களும் தெலுங்குக்காரர்களும் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டார்கள், பக்கத்து குஜராத்திக் குடும்பம் எப்போதுமே சைவம். அதனால் அவர்களுக்கென்று தனி அடுப்பு, தனி இடுக்கி, தனி தூரிகை. அதில் காளான் மண்டையோடு, வாய் வெட்டிப் பனீரும் சோறும் அடைத்த ஆரஞ்சுக் குடமிளகாய், அப்புறம் முழுக் கத்தரிக்காயைத் தணல் மேலேயே போட்டுத் தோல் கருகி வெடிக்க விட்டது. அந்த வெடிப்பில் பூண்டும் தயிரும் வழிய வைத்தேன். சைவத் தட்டுத்தான் பார்க்க அதிகம் பயமாக இருந்தது என்று எதிர்வீட்டு ஐரிஷ் பாட்டி சொன்னாள். அவள் இரண்டு டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி எடுத்து வந்திருந்தாள். அயர்லாந்தில் முதலில் டர்னிப்பில்தான் முகம் வெட்டினார்களாம், பிழைக்க இங்கே வந்த பிறகுதான் பூசணிக்கு மாறினார்கள். குடைய லேசாக இருப்பது பூசணி. ஆனால் உள்ளே விளக்கு வைத்த டர்னிப்பை நீ பார்க்க வேண்டும், செத்துப்போன கிழவன் முகம் அப்படியே. பூசணி அதன் பக்கத்தில் குழந்தை.

அசைவத்துக்கு வருகிறேன். பன்றி வேண்டாம், மாடு வேண்டாம், ஹலால் வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று இருந்ததால் சிகாகோவில் நம் ஊர்க் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூ வரைக்கும் போய் ஆட்டு விலா இரண்டு முழுப் பலகை வாங்கி வந்தேன். முதல் நாள் ராத்திரியே உப்பும் மிளகும் சீரகமும் தடவி வைத்துவிட்டேன். கரியை அடுப்பில் ஒரு பக்கமாகக் குவித்து, விலாவை மறு பக்கம் வைத்து மூடிவிட வேண்டும். நேர் தணலில் போட்டால் கொழுப்பு சொட்டி, தீ எழும்பி, வெளியே கரியும் உள்ளே ரப்பரும்தான். ஆப்பிள் கட்டைத் துண்டு இரண்டு போட்டால் புகை வாசம் வரும். மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரத்தில் கறி மெல்ல மெல்லப் பின்வாங்கி எலும்பு நுனி அரை அங்குலம் வெள்ளையாக வெளியே வந்துவிடும், அதற்காகத்தான் விலா. வெந்த இரண்டு பலகையையும் எதிரெதிரே நிறுத்தி மேலே கயிறு கட்டினால் ஒரு ஆளின் நெஞ்சுக்கூடு. உள்ளே கோழி சாசேஜைச் சுருட்டிக் குடலாக வைத்தேன். ரத்தத்துக்குப் பீட்ரூட், வற்றல் மிளகாய், புளி, கொஞ்சம் வெல்லம் அரைத்துக் கொதிக்க வைத்த சாறு. வெல்லம் சேர்ந்ததைக் கடைசிப் பத்து நிமிடம்தான் தடவ வேண்டும், முன்னாலேயே தடவினால் கருகிக் கசந்துபோகும். விரல்களும் செய்தேன், கோழிக் கொத்துக்கறியில், கணுவுக்குக் கணு கத்தியால் அழுத்தி. நகத்துக்குப் பாதாம் வைப்பார்கள், நான் வெங்காயச் செதில்தான் வைத்தேன், கொட்டை வகை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் தெருவில் இரண்டு பேர் உண்டு. அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் அல்லாத சின்னப் பொருள் வைத்திருக்கிறோம் என்று காட்ட வாசலில் நீலப்பச்சை அடித்த பூசணி வைப்பது இங்கே ஒரு நல்ல வழக்கம், நானும் ஒன்று வைத்தேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே, நீ எப்போதாவது செய்தால். பீட்ரூட் சாறு பட்ட கறி வெந்தாலும் சிவப்பு, வேகாவிட்டாலும் சிவப்பு. அதுவும் இருட்டில். கண்ணை நம்பவே கூடாது. குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலிலும் குத்தினேன். கோழி என்றால் உள்ளே 165 ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி, வந்த பிறகுதான் தட்டுக்குப் போகும். போன வருஷம் ஒரு வீட்டு விருந்தில் பாதி வெந்ததைத் தின்று என் சின்னவள் இரண்டு நாள் படுத்தாள்.

இதெல்லாம் எவ்வளவு நன்றாக நடந்தது என்று சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன் என்று நினைக்காதே. சொல்ல வேண்டியது வேறு.

ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. சைவ அடுப்பில் தணல் அடங்கிக்கொண்டு வந்தது, இன்னும் கரி வேண்டும். இங்கே கரி பற்ற வைக்கச் சிம்னி என்று ஒரு தகரக் குழாய், ஒரு அடி உயரம், அடியில் காகிதம், மேலே கரி. கொளுத்தினால் இருபது நிமிடத்தில் கரி சாம்பல் பூத்துவிடும், அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வாய் வழியாகத் தீ எழும்பும். இரண்டு அடுப்பும் நிறைந்திருந்ததால் சிம்னியைத் தரையில் வைத்தேன். சிமெண்டுத் தரைதானே என்று. நம் முழங்கால் வரை எழும்பும் தீ ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்குத் தொடை உயரம் என்பது அப்போது என் புத்தியில் படவில்லை.

மூன்றாவது வீட்டுப் பையன், வவ்வால் வேஷம். கையிலிருந்து முதுகு வரை ஒரே துணி, கறுப்பு பாலியெஸ்டர். நெஞ்சுக்கூட்டைப் பார்க்க மேஜையைச் சுற்றி ஓடி வந்தவன் "நான் பறக்கிறேன்" என்று இரண்டு கையையும் விரித்தான். நான் சாறு தூரிகையோடு நின்றுகொண்டிருந்தேன். இறக்கையின் ஓரம் சிம்னி மேல் போனது. முதலில் பற்றவில்லை, கோமு. சுருண்டது. அரை மணி நேரமாக நான் ரசித்து ரசித்துப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்த சாசேஜ் கால் எப்படிச் சுருண்டதோ அப்படியே, நிதானமாக. அதற்கப்புறம்தான் ஓரத்தில் சின்னதாக ஒரு நீலத் தீ.

என் கை தானாகப் போய் அவன் கழுத்துப் பக்கம் துணியைப் பிடித்து இழுத்தது. வெல்க்ரோ ஒட்டுப்பட்டை. பர்ரென்று கிழிந்து முழு இறக்கையும் கையோடு வந்துவிட்டது, கீழே போட்டு மிதித்தேன். முடிச்சுப் போட்டிருந்தால்? அந்த ஒரு கேள்விதான் இரண்டு ராத்திரியாக. பையனுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி அவன் பாட்டுக்குத் தரையில் படுத்து உருள ஆரம்பித்துவிட்டான், இறக்கை போன பிறகும் உருண்டுகொண்டே இருந்தான். அவன் அம்மாவிடம் உடனே போய் நடந்தது முழுவதையும் சொன்னேன், சிம்னியைத் தரையில் வைத்தது நான்தான் என்றும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எனக்குச் சுட்டிருக்கிறதா என்று. வேஷத் துணி வந்த பாக்கெட்டில் தீயைத் தாங்கும் என்று அச்சிட்டிருந்ததாம். எளிதில் பற்றாது, பற்றினால் சீக்கிரம் அணையும் என்றுதான் அதற்கு அர்த்தம். பற்றவே பற்றாது என்று நினைத்து நாமெல்லாம் வாங்கி மாட்டி விடுகிறோம். பையன் அரை மணி நேரம் கழித்து வந்து இன்னொரு சிலந்தி கேட்டான். கருகிய இறக்கையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகப் போகிறானாம், இப்போதுதான் நிஜ வவ்வால் மாதிரி இருக்கிறதாம்.

அன்றைக்கு ராத்திரி படுத்ததிலிருந்து எனக்கு உன் கெண்டைக்கால்தான் நினைவுக்கு வருகிறது. ஆறாம் வகுப்புத் தீபாவளி, உங்கள் வீட்டு வாசல், அந்த ரோஸ் நைலான் பாவாடை. சங்குசக்கரம் சுற்றிக்கொண்டே உன் பக்கம் வந்ததைப் பார்த்தது நான்தான். கையில் மத்தாப்பை வைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிடக்கூட இல்லை, தொண்டை அடைத்துப்போயிற்று. உன் பாவாடை ஓரமும் முதலில் சுருண்டது. நீ ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை, "நீ ஏன்டி நின்றாய்" என்று. பெரிய ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த பதினெட்டு நாளும் நான் ஹோம்வொர்க் எழுதிக் கொடுத்ததைத்தான் எல்லோரிடமும் சொல்வாய். நீ கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது நானே சொல்கிறேன்: நான் பார்த்தேன், நின்றேன்.

அடுத்த வருஷமும் செய்வேன். இரண்டு அடுப்பையும் சுற்றி எட்டு அடிக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்கு வெளியேதான் மேஜை, கோட்டுக்குள் வேஷத்தோடு யாரும் வரக் கூடாது. சிம்னி அடுப்புக்குள்ளேதான் நிற்கும். பக்கத்திலேயே வாளித் தண்ணீர். காவலுக்குப் பெரியவன், அவனாகவே சொன்னான்.

எனக்கு ஒன்று மட்டும் சொல். அன்றைக்கு நனைந்த சாக்கு வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது, சாக்கைக் கொண்டுவந்து உன்மேல் போட்டது யார் என்று முகம் வரவில்லை. செல்வி அக்காவா, உங்கள் தாத்தாவா? நீ கீழே கிடந்தாய், மேலே குனிந்த முகத்தைப் பார்த்திருப்பாய். நமக்கு இப்போது பதினொன்றரை மணி நேர வித்தியாசம், நீ காலையில் காபி போடும்போது எனக்கு முந்தின நாள் சாயங்காலம். அப்போது கூப்பிடு.

உன்
விஜி