நாயோடு என்னென்ன கொடுத்தனுப்புகிறீர்கள்? காப்பக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

காப்பகங்களை நடத்துவோருக்கும் அங்கே தத்துக்கொடுக்கும் பொறுப்பில் இருப்போருக்கும் வணக்கம்.

மீட்கப்பட்ட நாய்களுக்கு வைத்தியம் பார்ப்பதும் அவற்றைப் பழக்குவதும் எங்கள் வேலை. உங்கள் வாசலைத் தாண்டிப் போன நாய் புது வீட்டில் தடுமாறும்போது, அந்த வீட்டார் முதலில் தேடி வருவது எங்களைத்தான். ஓடிவிட்டது, கடித்துவிட்டது, தனியே விட்டால் ஊளையிடுகிறது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, வீட்டில் இருக்கும் நாயோடு ஒத்துப்போகவில்லை. திருப்பிக் கொடுப்பவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். நாயைக் கொடுக்கும் நாளில் சில பக்கக் குறிப்பும் அதன் பிறகு மூன்று தொலைபேசி அழைப்பும் இருந்தால் இவற்றில் பலவற்றைத் தவிர்க்கலாம். அவற்றைக் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

முதலில் வாசல். மீட்பு நாய் தொலைந்துபோகும் ஆபத்து மிகுந்தது முதல் நாள்தான். வண்டிக் கதவு திறக்கும் கணம், வீட்டுக் கதவு திறக்கும் கணம், இந்த இரண்டிலும் நழுவிவிடும். மிரண்ட நாய் முன்னால் இழுக்காது, பின்னால் இழுக்கும். சாதாரணக் கழுத்துப்பட்டை அப்போது தலை வழியாகக் கழன்று வந்துவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவே இடைவெளி இருக்கட்டும். இழுத்தால் ஓரளவு இறுகும் மார்ட்டிங்கேல் வகைப் பட்டை இன்னும் நல்லது. அதோடு மார்பையும் விலாவையும் சுற்றிவரும் ஹார்னஸ் ஒன்றையும் மாட்டி, இரண்டிலும் தனித்தனியே கயிறு கோத்து அனுப்புங்கள். ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். கயிறு கைக்கு வந்த பிறகே வண்டிக் கதவைத் திறக்க வேண்டும் என்று வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள். மகிழ்ச்சியில் இருப்பவர் காதில் பாதி ஏறாது.

நாயின் தோலுக்கடியில் செலுத்தும் மைக்ரோசிப் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது நாய் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி அல்ல. கருவி வைத்து வருடினால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதே முக்கியம். புது வீட்டாரின் தொலைபேசி எண்ணை அவர்கள் கிளம்பும் முன்பே, உங்கள் மேசையிலேயே பதிந்து முடியுங்கள். 'வீட்டுக்குப் போய்ப் பதிந்துகொள்ளுங்கள்' என்று விட்டால் பலர் மறந்துபோவார்கள். சிப் தோள்களுக்கு நடுவிலிருந்து நகர்ந்து முன்னங்கால் பக்கம் போயிருக்கவும் கூடும். அதனால் அனுப்பும் நாளில் உடல் முழுக்க ஒருமுறை வருடிப் பாருங்கள்.

அடுத்து, நாயைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்பு. இங்கேதான் எங்களுக்கு மனத்தாங்கல் அதிகம். 'சாது', 'பாசமானது', 'குழந்தைகளோடு நன்றாகப் பழகும்' என்று எழுதித் தருகிறீர்கள். கூண்டுக்குள் அசையாமல் கிடக்கும் நாய் பயத்தில் உறைந்த நாயாகவும் இருக்கலாம். அதைச் சாது என்று எழுதினால், மூன்றாவது வாரம் அது தைரியம் பெற்று உறுமும்போது வீட்டார் ஏமாந்ததாக நினைப்பார்கள். குணத்தை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். 'அறிமுகமில்லாத ஆண் கூண்டருகே வந்தால் பின்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பெண் பணியாளர் தரையில் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் அருகே வருகிறது. காதைத் தொட விடுகிறது, பின்னங்காலைத் தொட விடுவதில்லை.' இந்த மூன்று வரி மூன்று பக்கப் புகழுரையைவிடப் பயன்படும். குழந்தைகளோடு பழகியதை நீங்கள் பார்க்கவில்லை என்றால் 'பார்க்கவில்லை' என்றே எழுதுங்கள். காப்பகத்தில் உணவுத் தட்டைக் காத்து உறுமிய நாய் வீட்டில் அப்படிச் செய்யாமல் போகலாம். அங்கே உறுமாத நாய் வீட்டில் உறுமவும் செய்யலாம். காப்பகச் சோதனை எதற்கும் உத்தரவாதம் அல்ல என்பதையும் அந்தக் காகிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

கடித்த வரலாறு இருந்தால் மறைக்கவே கூடாது. எப்போது, யாரை, என்ன நடந்துகொண்டிருந்தபோது, தோல் கிழிந்ததா என்ற நான்கும் வேண்டும். தத்துப் போகாமல் தங்கிவிடுமோ என்று அஞ்சி இதை மறைக்கும் காப்பகம், கடைசியில் அந்த நாயின் உயிருக்கே உலை வைக்கிறது.

மருத்துவக் குறிப்பில் தேதிகள் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்தான். 'தடுப்பூசி போட்டாயிற்று' என்பது எங்களுக்கு எதையும் சொல்வதில்லை. எந்த ஊசி, எந்தத் தேதி, அடுத்தது எப்போது என்று வேண்டும். குட்டிகளுக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி ஊசியின் வேலையைத் தடுக்கும். அது எப்போது வற்றும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வார வயது வரையாவது திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒரே ஊசியோடு வெளியே போன எட்டு வாரக் குட்டிக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். குடற்புழு மருந்தும் அப்படியே. வளர்ந்த புழுக்கள் சாகும், உடலுக்குள் இருக்கும் இளம்புழுக்கள் தப்பிப் பிறகு குடலுக்கு வரும். இரண்டு வாரத்தில் அடுத்த வேளை எந்தத் தேதியில் என்று எழுதுங்கள்.

இன்று நலமாகத் தெரியும் நாய் ஏற்கெனவே தொற்றைச் சுமந்துகொண்டிருக்கலாம். குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் உள்ளே போனால் பெரும்பாலும் 5 முதல் 7 நாளில் வெளிப்படும், 14 நாள் வரைகூட ஆகலாம். காப்பக இருமலுக்கு 2 முதல் 14 நாள். உண்ணிக் காய்ச்சலுக்கு ஒன்று முதல் மூன்று வாரம். ஆக முதல் இரண்டு வாரத்தில் வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், இருமல், சோர்வு எது வந்தாலும் 'புது இடம், அதனால்தான்' என்று காத்திருக்கக் கூடாது. வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டி இருந்தால் அந்த இரண்டு வாரமும் இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும். பார்வோ கிருமி சாதாரணத் தரைத் துடைப்பானுக்குச் சாகாது. அழுக்கை முதலில் கழுவிவிட்டு, வீட்டு உபயோகத் திரவ பிளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஈரமாக நிற்கவிட்டால் சாகும். கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கு இன்னொரு சிக்கல். தொற்றி ஏறக்குறைய 6 மாதம் ஆகும் வரை பரிசோதனையில் தெரியாது. இன்று 'இல்லை' என்று வந்தாலும் 6 மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

கருத்தடை செய்த கையோடு அனுப்புகிறீர்கள் என்றால் 10 முதல் 14 நாள் குளிப்பாட்டக் கூடாது, ஓட விடக் கூடாது, தையலை நக்க விடக் கூடாது. ஆண் நாய் அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் கருத்தரிக்க வைக்கக்கூடும். இதைச் சொல்லாமல் விடுவதால் பிறக்கும் குட்டிகள் உங்கள் காப்பகத்துக்கே வந்து சேரும்.

நீங்கள் போடும் உணவிலேயே ஒரு வாரத்துக்கானதைப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். பயமும் புது உணவும் ஒரே நாளில் சேர்ந்தால் வயிறு கெடும். முதல் இரண்டு நாள் பழைய உணவு மட்டும். பிறகு கால் பங்கு புதியது, இரண்டு நாள் கழித்துப் பாதி, அடுத்து முக்கால், அதற்குப் பின் முழுவதும். அளவு கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 15 கிலோ நாய் சும்மா கிடக்கவே நாளுக்கு ஏறத்தாழ 530 கிலோகலோரி செலவாகும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதைப்போல 1.6 மடங்கு, அதாவது 850 அளவில் தொடங்கி, உடலைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். விலா கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணை உறுத்தக் கூடாது. பட்டினியால் எலும்பும் தோலுமாக வந்த நாய் இதில் சேராது. அதற்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாதுவின் அளவு சரிந்து உயிரே போகலாம். அந்த நாய்க்குக் கால் பங்கில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றும் வேலை மருத்துவர் கண்காணிப்பில் உங்களிடமே நடந்து முடிய வேண்டும். பாசத்தோடு பெரிய தட்டு வைக்கக் காத்திருக்கும் வீட்டுக்கு அதை அனுப்பாதீர்கள்.

இனி வீடு. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு எல்லோரும் சொல்வதுண்டு. மூன்று நாளில் பதற்றம் கொஞ்சம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று உணரும். இது விதி அல்ல, தோராயம்தான். சில நாய்களுக்கு ஒரு வருடமும் ஆகும். ஆனால் முதல் மூன்று நாளில் என்ன செய்யக் கூடாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. விருந்தினரை அழைக்கக் கூடாது. அன்றே குளிப்பாட்டக் கூடாது. கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகக் கூடாது. ஒரு அறை, ஒரு படுக்கை, தண்ணீர், அதே நேரத்துக்குச் சோறு, அதே வழியில் சிறு நடை. நாய் தானாக வந்தால் தொடலாம், படுக்கையில் இருக்கும்போது தேடிப்போய்த் தொடக் கூடாது. வீட்டுக்குள் வாழ்ந்தே இராத நாய்க்குப் படிக்கட்டு, வழுக்கும் தரை, சுழலும் மின்விசிறி, கண்ணாடியில் தெரியும் இன்னொரு நாய் என்று எல்லாமே புதிர்.

உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பியபடி கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை இடுக்குவது, இவையெல்லாம் 'விலகு' என்பதற்கான அடையாளங்கள். அடுத்த படி உறுமல். உறுமியதற்காக அடித்தால் உறுமல்தான் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கலாம். வாயில் எதையாவது கவ்விக்கொண்டு உறுமினால் பிடுங்காமல், அதைவிட ருசியான ஒன்றைச் சற்றுத் தள்ளிப் போட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உள்ளே சிறுநீர் கழிப்பது பிடிவாதம் அல்ல. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட அரை மணிக்குள்ளும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப்போய், அங்கேயே கழித்தால் அங்கேயே தின்பண்டம் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் திரும்பிய பிறகு கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. கறையை என்சைம் கலந்த திரவத்தால் துடைக்கட்டும். அம்மோனியா வாடையுள்ள துடைப்பான் அதே இடத்துக்கு மறுபடி அழைக்கும்.

தனிமைதான் கடினமான பாடம். லீவு போட்டு ஒரு வாரம் முழுக்கக் கூடவே இருந்துவிட்டு, எட்டாம் நாள் காலை எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போகிறார்கள். இதைவிட மோசமான வரிசை இருக்க முடியாது. முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்: கதவுக்கு அந்தப்பக்கம் 5 விநாடி, பிறகு 20, பிறகு 1 நிமிடம், நடுநடுவே மறுபடி 10 விநாடி. நேரம் ஏறிக்கொண்டே போனால் நாய் அதைக் கணித்துவிடும். கைபேசியில் படம்பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பீதி உள்ள நாய் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் காட்டிவிடும்: எச்சில் வழியும், கதவையும் சன்னலையும் பிறாண்டும், தின்பண்டத்தைத் தொடாது. செருப்பைக் கடித்துவிட்டுத் தூங்கிப்போன நாய்க்குச் சலிப்பு மட்டுமே. இரண்டும் ஒன்றல்ல. பீதி கொண்ட நாயைக் கூண்டில் அடைத்தால் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். பயிற்சி போதாதபோது ஃப்ளூவாக்ஸெடின், க்ளோமிப்ரமின் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. கால்நடை மருத்துவர் எழுதித்தர வேண்டியவை, பலன் தெரியச் சில வாரம் ஆகும். மருந்து கொடுப்பது தோல்வி என்று நினைக்கும் வீட்டாரிடம் இதை நீங்களே முன்கூட்டிப் பேசிவிடலாம்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டும் பொது இடத்தில், சில மீட்டர் தள்ளி, ஒரே திசையில் நடந்து பழகிய பிறகே ஒன்றாக உள்ளே நுழையட்டும். சோறு தனித்தனி அறையில்.

இனி அந்த மூன்று அழைப்புகள். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். சாப்பிடுகிறதா? மலம் எப்படி? இரவில் எங்கே தூங்குகிறது? யாரைப் பார்த்தாவது உறுமியதா? கடைசியாக எவ்வளவு நேரம் தனியே இருந்தது, படம்பிடித்தீர்களா? மூன்றாம் வார அழைப்பைத் தவறவே விடாதீர்கள். ஒடுங்கிக் கிடந்த நாயின் உண்மையான குணம் பெரும்பாலும் அப்போதுதான் வெளியே வரும். வீட்டாரும் 'தப்புப் பண்ணிவிட்டோமோ' என்று நினைக்கத் தொடங்கும் வேளை அது.

அப்படியும் ஒத்துவராமல் திரும்பக் கொண்டுவந்தால் திட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டு வாங்கப் பயப்படுபவர் நாயை உங்களிடம் கொண்டுவர மாட்டார், தெருவில் விட்டுவிடுவார். வாங்கும்போது அவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி, வீட்டில் நாய் என்ன செய்தது என்று தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். கூண்டுக்கு வெளியே அந்த நாயைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய குறிப்பின் முதல் பக்கம் அதுவாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மீட்பு நாய்களுக்கு வைத்தியமும் பயிற்சியும் தருவோர்