வெயிலுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள்: தனியா இருக்கற பெரியவங்களுக்காக

எல்லாருக்கும் வணக்கம். வெயில் ஆரம்பிக்கறதுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, அதுக்குள்ள இத உங்ககிட்ட சொல்லிடணும்னு, தனியா இருக்கற பெரியவங்களுக்கு உதவற எங்க குழு சார்பா எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. காசு கேக்கறோம், எதுக்குன்னு முழுசா தெரிஞ்சப்புறம்தான் நீங்க குடுக்கணும்.

போன வெயில்ல நடந்தத மொதல்ல சொல்லிடறேன். மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற வீட்டுல தனியா இருக்கற ஒரு அம்மா. எங்க குழுல ஒருத்தர் வேற வேலையா அந்தப் பக்கம் போனவர் சும்மா பாத்துட்டு வரலாம்னு பெல் அடிச்சிருக்காரு. கதவு திறக்கவே ரொம்ப நேரம் ஆச்சு, திறந்தவங்க அவர வேற யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு, ஃபேன் மட்டும் ஓடிட்டிருக்கு, காலைல ரொப்பி வச்ச தண்ணி பாட்டில் அப்படியே முழுசா இருக்கு. வயசாச்சு மறந்துட்டாங்கன்னு நெனச்சு திரும்பி வந்திருந்தா அன்னிக்கு அவங்க பிழைச்சிருக்க மாட்டாங்க. நல்லவேளை கைய தொட்டுப் பாத்தாரு, கொதிச்சுது. ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டு, அது வர்ற வரைக்கும் ஈரத்துணியால உடம்பு முழுக்க ஒத்தி விசிறிக்கிட்டே இருந்தாரு. பிழைச்சு வந்துட்டாங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் ஏம்மா தண்ணியே குடிக்கலன்னு கேட்டதுக்கு அவங்க சொன்னது, "குடிச்சா பாத்ரூம் போகணும்பா, முட்டி விட மாட்டேங்குது, ராத்திரி இருட்டுல விழுந்துட்டா யாரு தூக்குவா."

இந்த ஒரு வார்த்தைலதான் எங்க மொத்த திட்டமும் இருக்கு. நாங்க அதுவரைக்கும் தண்ணி குடிங்க தண்ணி குடிங்கன்னு சொல்லிட்டே இருந்தோம், எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அவங்க குடிக்காததுக்குக் காரணம் பாத்ரூமுக்குப் போற அந்தப் பத்தடி தூரம்னு எங்க யாருக்கும் தோணல. அதுக்கப்புறம் ஒவ்வொரு வீடா போய் உக்காந்து பேசினோம். ஒருத்தர் கரண்ட் பில்லுக்கு பயந்து ஃபேன நிறுத்தி வச்சிருக்காரு, இன்னொருத்தர் திருட்டு பயத்துல ராத்திரி ஜன்னலே திறக்கறதில்ல, ஒருத்தங்க பிள்ளைக்கு தொந்தரவு குடுக்கக்கூடாதுன்னு தலைசுத்தறத போன்ல சொல்றதே இல்ல. எல்லாருமே கேட்ட உடனே சொன்ன முதல் பதில் "எனக்கு ஒண்ணும் வேணாம், நான் நல்லா இருக்கேன்". மூணாவது தடவை போனப்பதான் மெதுவா வெளில வந்துச்சு.

வயசானவங்களுக்கு ஏன் வெயில் இவ்வளவு ஆபத்துன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நிறைய பேர் நமக்கும்தான் வேர்க்குதுன்னு நெனச்சுக்கறாங்க. வயசு ஏற ஏற தாகமே சரியா தெரியாது, உடம்புல தண்ணி கொறஞ்சாலும் நாக்கு வறளற உணர்வு லேட்டாத்தான் வரும். வேர்வையும் முன்ன மாதிரி வராது. உடம்பு சூட்ட வெளியேத்த ரத்தத்த தோலுக்கு அனுப்பணும், அதுக்கு இதயம் கூடுதலா வேலை செய்யணும். அதனால வெயில்ல போற உயிர் நிறைய மாரடைப்புன்னோ மூச்சுத்திணறல்னோ கிட்னி கோளாறுன்னோதான் எழுதப்படுது, வெயில்ங்கற பேரே அதுல வராது. இதோட மாத்திரையும் சேரும். பிபிக்கும் இதயத்துக்கும் குடுக்கற நீர் மாத்திரை உடம்புத் தண்ணிய வெளியேத்தும், மனநலத்துக்கு எடுக்கற சில மருந்து வேர்வைய கொறைக்கும். அதுக்காக யாரும் தானா மாத்திரைய நிறுத்திடக்கூடாது, அது இன்னும் ஆபத்து, வெயில் வர்றதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுடணும். அதே மாதிரி இதயம் பலவீனமா இருக்கறவங்க, டயாலிசிஸ் பண்றவங்க எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னு டாக்டர் சொன்ன அளவு இருக்கும், அவங்கள குடிங்க குடிங்கன்னு நாமளா வற்புறுத்தக் கூடாது.

இது எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சனையும் இல்ல. 1995 ஜூலைல அமெரிக்காவுல சிகாகோவுல சில நாள் அடிச்ச வெயில்ல 700 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அதுல பெரும்பாலும் வயசானவங்க, நிறைய பேர் தனியா இருந்தவங்க, பயத்துல ஜன்னல் கதவ சாத்திட்டு உள்ளயே இருந்தவங்களும் உண்டு. 2003 ஆகஸ்ட்ல பிரான்ஸ்ல மட்டும் சுமார் 15,000 பேர். அங்க பின்னாடி ஆராய்ஞ்சு பாத்தப்ப கூரைக்கு நேர் கீழ இருக்கற அறைல படுத்தவங்களுக்கும், படுக்கைய விட்டு எழுந்து நடக்க முடியாதவங்களுக்கும் ஆபத்து அதிகமா இருந்துச்சுன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் அந்த நாட்டுல ஒவ்வொரு உள்ளாட்சியும் தனியா இருக்கற பெரியவங்க பேர பதிவு பண்ணி வச்சு, வெயில் எச்சரிக்கை வந்தா அவங்கள தொடர்பு கொள்ளணும்னு ஏற்பாடு வந்துச்சு. ஒரு லிஸ்ட்டு, ஒரு போனு, கதவத் தட்ட ஒரு ஆளு, நாங்க பண்ணப் போறதும் இதேதான்.

இந்த வெயில்ல நாங்க நெனச்சிருக்கறது இதுதான். லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் காலைல ஒரு போன், மதியத்துக்கு மேல வீடு சூடேறி நிக்கற நேரத்துல ஒருத்தர் நேர்ல போய் பாக்கறது. போன்ல நல்லா இருக்கேன்னு சொல்லிடுவாங்க, நேர்ல போனாதான் பேச்சு குழறுதா, நடை தள்ளாடுதா, உதடு வறண்டிருக்கான்னு தெரியும். யூரின் கடைசியா எப்ப போனீங்க, நிறம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கணும், கூச்சமாத்தான் இருக்கும் ஆனா அதுதான் முக்கியமான கேள்வி. போற வாலண்டியருக்கு முதல்ல ஒருநாள் பயிற்சி உண்டு. திடீர்னு குழப்பமா பேசினா அத வயசுன்னு விடக்கூடாது, உடனே ஆம்புலன்ஸ், உடனே உடம்பக் குளிர வைக்கணும், மயக்கமா இருந்தா வாய்ல தண்ணி ஊத்தவே கூடாது, ஜுர மாத்திரை குடுத்தா அந்தச் சூடு எறங்காது. இதெல்லாம் தெரியாம நல்ல மனசோட போனா மட்டும் பத்தாது.

இப்ப காசு எதுக்குன்னு. பெரும்பகுதி பாத்ரூமுக்குத்தான் போகுதுன்னு சொன்னா ஆச்சரியப்படாதீங்க. சுவத்துல பிடிச்சுக்க கைப்பிடி, வழியெல்லாம் ராத்திரி லைட், வழுக்காத கால்மிதி, முடியவே முடியாதவங்களுக்கு கட்டில் பக்கத்துல வைக்கற கமோடு நாற்காலி. இது இருந்தா அவங்களே பயமில்லாம தண்ணி குடிப்பாங்க, யாரும் சொல்ல வேண்டியதில்ல. அடுத்தது ஜன்னலுக்கு வெயில் மறைக்கற கெட்டித் திரையும் உள்பக்கம் கம்பிக் கதவும், பகல்ல மூடி வச்சு ராத்திரி பயமில்லாம திறந்து வைக்கறதுக்கு. ரிப்பேரான ஃபேன சரி பண்றது, இல்லாதவங்களுக்கு வாங்கித் தர்றது. வீட்டுச் சூடு காட்டற தெர்மாமீட்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு, இது ரொம்ப அவசியம், ஏன்னா வீட்டுக்குள்ள 40 டிகிரிக்கு மேல போய்ட்டா வெறும் ஃபேன் சூடான காத்தத்தான் மேல அடிக்கும், உலக சுகாதார நிறுவனமே அதுக்கு மேல ஃபேன நம்பாதீங்கன்னுதான் சொல்லுது. அந்த மாதிரி நாளுக்காக பொதுவா ஒரு அறைய ஏசி போட்டு தயார் பண்றோம். பகல்ல சில மணி நேரம் அங்க வந்து உக்காந்தாலே உடம்பு ஆறிடும். நடக்க முடியாதவங்கள கூட்டிட்டு வந்து திரும்பக் கொண்டு விட வண்டிச் செலவு இருக்கு. இன்சுலின் போடறவங்க மருந்த அந்த அறை ஃப்ரிட்ஜ்லயே வச்சுக்கலாம், வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்லாதவங்க இதுக்கே கஷ்டப்படறாங்க.

கரண்ட் பில் விஷயம் குழுக்குள்ள நிறைய வாக்குவாதம் ஆச்சு. பில்ல நாம கட்டினா அவங்க கௌரவம் போகும்னு சிலர் சொன்னாங்க. கடைசில, கேக்கறவங்களுக்கு மட்டும், யாருக்கும் தெரியாம, வெயில் மாசத்துல கூடுதலா வர்ற தொகைய மட்டும் குழு கட்டும்னு முடிவாச்சு. எனக்கு இது சரின்னுதான் படுது, பில்லுக்கு பயந்து ஒரு மனுசன் இருட்டுல வேர்த்துக்கிட்டு படுத்திருக்கறத என்னால பாத்துட்டு இருக்க முடியாது.

வாலண்டியர் யாருக்கும் சம்பளம் கிடையாது, குழுல யாருக்கும் எதுவும் கிடையாது. வர்ற ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது, செலவுக் கணக்கு மாசாமாசம் எல்லாருக்கும் அனுப்புவோம், ஆனா யார் வீட்டுக்கு என்ன செஞ்சோம்னு பேரோட போட மாட்டோம், ஃபோட்டோவும் எடுக்க மாட்டோம். நன்கொடை குடுத்தவங்க பாக்கணும்னு கேட்டாலும் காட்ட மாட்டோம், தயவுசெஞ்சு தப்பா நெனைக்காதீங்க.

பொருளா குடுக்க நெனச்சா ஓடற ஃபேன் குடுங்க, கமோடு நாற்காலி, வாக்கர் சும்மா கிடந்தா குடுங்க. மருந்து மாத்திரை எதுவும் வேண்டாம், அத வாங்கிக்கவே மாட்டோம். பணம் முடியாதவங்க வாரத்துல ஒரு மதியம் குடுங்க, ரெண்டு வீடு போய் பாத்துட்டு வந்தா போதும். எலக்ட்ரீஷியன், பிளம்பர் யாராவது இருந்தீங்கன்னா உங்க அரை நாள் எங்களுக்கு பெரிய நன்கொடை.

இப்பவே கேக்கறதுக்கு காரணம் இருக்கு. உடம்பு வெயிலுக்குப் பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அதனால சீசன்ல முதல்ல வர்ற அனல்தான் பெரியவங்கள அதிகமா சாய்க்குது. அது வந்தப்புறம் கைப்பிடி மாட்டி பிரயோஜனம் இல்ல. பணம் குடுக்க நெனைக்கறவங்க குழுல உங்களுக்குத் தெரிஞ்ச யார்கிட்டயாவது குடுத்து கையோட ரசீது வாங்கிக்கோங்க. உங்களுக்குத் தெரிஞ்சு தனியா இருக்கற பெரியவங்க யாராவது இருந்தா மொதல்ல அவங்ககிட்ட சம்மதம் கேட்டுட்டு பேர எங்ககிட்ட சொல்லுங்க. வேணாம்னுதான் சொல்லுவாங்க, இன்னொரு தடவை போய்க் கேளுங்க.