கிளிநொச்சி ஸ்டேஷனில் ஒரு சுவர் வேண்டும்

இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தின் பொது முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். புதுப் பெட்டி கேட்டோ, இன்னொரு ரயில் கேட்டோ இந்த மடலை எழுதவில்லை. அதைக் கேட்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சி ஸ்டேஷனில், சனம் ரயிலுக்குக் காத்திருக்கிற இடத்தில், பழைய ஸ்டேஷனின் கதையை எழுத ஒரு சுவர் தாருங்கள்.

இப்போதுள்ள ஸ்டேஷன் 2013 செப்டம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. அதுவரை ஓமந்தையோடு நின்ற கொழும்பு–யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி இங்கே வந்தது, ஜனாதிபதி வந்தார், அடுத்த வாரம் மாகாண சபைத் தேர்தல். சரி, அது அரசியல். ஆனால் வன்னியிலேயே பிறந்து வளர்ந்து, இருபது வயதில் முதன்முதலாக ரயிலைக் கண்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இன்றைய பிள்ளைகளோ இங்கே ரயில் வந்ததே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறார்கள். யாரும் சொல்லாவிட்டால் வேறு எப்படி நினைப்பார்கள்?

வடக்குப் பாதை கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் முழுதாக இணைத்தது 1905இல். அப்போது இங்குள்ள வயல்களுக்குத் தண்ணீர் தரும் இரணைமடுக் குளம்கூடக் கட்டி முடியவில்லை. காணி கொடுத்து ஆட்களைக் கொண்டுவந்த குடியேற்றத் திட்டம் 1936இல்தான். அங்கங்கே இருந்த சிறு கிராமங்களை விட்டுப் பார்த்தால், இந்தப் பட்டினத்துக்கு முதலில் வந்தது தண்டவாளம், அப்புறம்தான் சனம். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களிலும் கோச்சியில், அதாவது ரயிலில், வந்து இறங்கியவர்கள் உண்டு.

1985 ஜனவரியில், கிளிநொச்சிக்குத் தெற்கே உள்ள முறிகண்டியில் யாழ்தேவி குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. படையினரோடு சாதாரணப் பயணிகளும் செத்தார்கள். அதையும் சுவரில் எழுதத்தான் வேண்டும். நல்லதை மட்டும் எழுதினால் ஊர் நம்பாது. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்க, வடக்குக்கு ரயில் நின்றது. பிறகு பாதையும் போனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் இரண்டு தரப்பின் பங்கர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது பற்றை மூடிய மண்மேடும், அதன் குறுக்கே மாடு மேய்க்கிறவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதையும்தான்.

எல்லாமே பங்கருக்குப் போகவில்லை. ஒரு முழம் நீளத் தண்டவாளத் துண்டை வேப்ப மரத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, அதையே பள்ளிக்கூட மணியாக அடித்த காலம் எங்களுடையது. பக்கத்துத் துண்டோடு பூட்டிய ஆணித் துளை அதில் அப்படியே இருக்கும். கம்பி நுழைவதும் அதற்குள்ளால்தான். இரும்புக் கம்பியால் தட்டித் தட்டி ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று மினுங்கும். கோயில் மணியைவிடத் தூரம் கேட்கும் என்று பெரியாக்கள் சொல்வார்கள், கேட்டதும் உண்மைதான். ரயிலையே காணாத பிள்ளைகளை வகுப்புக்குக் கூப்பிட்டது உங்கள் திணைக்களத்தின் இரும்பு. அதைத் திருப்பிக் கேட்டு விடாதீர்கள்!

போரில் விழுந்த தண்ணீர்த் தாங்கியை ஏ9 வீதியோரம் அப்படியே வைத்து, அறிவிப்புப் பலகை நட்டு, சுற்றுலா வந்தவர்களுக்குக் காட்டினார்கள். உடைந்ததைக் காட்டக் காசும் இடமும் கிடைத்தது. அதற்கு முன் எண்பத்தைந்து வருடம் ஓடியதைக் காட்ட ஒரு சுவர் கேட்பது அதிகமா?

உங்களிடம்தான் இதற்கான சரக்கு இருக்க வேண்டும். பழைய நேர அட்டவணை, ஸ்டேஷன் வரைபடம், படங்கள், இங்கே வேலை பார்த்த நிலைய அதிபர்களின் பட்டியல், எது கிடைத்தாலும் பிரதி எடுத்துத் தாருங்கள். ஓய்வு பெற்ற உங்கள் ஊழியர்களிடமும் கேளுங்கள். பாதை மூடியபோது இளந்தாரியாக இருந்த கைகாட்டிக்காரருக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது, ஆகவே இந்த வருடமே கேட்க வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதலாம். கிளிநொச்சியில் சரிவந்தால் மாங்குளம், பரந்தன், ஆனையிறவு என்று தொடரலாம்.

பெயின்ற் செலவை ஊரில் சேர்த்துக்கொள்வோம். எங்களுக்கு வேண்டியது உங்கள் அனுமதிக் கடிதமும் அந்தப் பிரதிகளும்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு பயணி