‘பம்பிங்’ குறைந்தவர்களின் வீட்டுக்கும் வாருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எங்கள் தெருவுக்கும் வருகிறது. அம்மாவுக்குப் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் அக்கா இப்போது எங்கள் வீட்டு மனுஷி மாதிரி. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன வருடம் அப்பாவுக்கு இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்துவிட்டு, "பம்பிங் 30 சதவீதம்தான்" என்றார்கள். இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் குறைந்துபோன இதயச் செயலிழப்பு அது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு பை மாத்திரை கொடுத்தார்கள். "உப்பைக் குறைங்க, தண்ணி அளவா குடிங்க, ரெஸ்ட் எடுங்க" என்றார்கள், அவ்வளவுதான். அம்மா அந்த ‘ரெஸ்ட்’டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குளியலறைக்குக்கூட அப்பாவைத் தனியாக விடவில்லை. 20 நாளில் வாசல்படி ஏறவே அவருக்குக் கால் நடுங்கியது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ராத்திரி மூன்று தலையணை வைத்தும் மூச்சு வாங்கியது. மறுபடியும் ஆஸ்பத்திரி. எடை மூன்று கிலோ கூடியிருந்தது.

இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலே அது உடம்பில் தங்கும் நீராக இருக்கலாம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாமே உப்புக் கணக்கில் சேரும் என்பதும் அன்றைக்குத்தான். நிலைமை சீரானபின் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். நடக்கும்போது பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அம்மா அவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்க மாட்டார்.

இதயச் செயலிழப்புக்கு முறையான உடற்பயிற்சி பெரிய ஊர்களில் கிடைக்கலாம். பத்தடி நடந்தால் இளைக்கிறவரை வாரம் இரண்டு முறை பஸ் ஏற்றி எப்படி அழைத்துப்போவது? பிரிட்டனில் ‘ரீச்-ஹெச்.எஃப்’ என்று 12 வாரத் திட்டம் ஒன்றை வீட்டிலேயே நடத்திப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சி அல்லது நடை, வழிகாட்ட ஒரு நர்ஸோ பிசியோதெரபிஸ்ட்டோ. 216 நோயாளிகளோடு, அவர்களைக் கவனித்துக்கொண்ட 97 பேரையும் ஆய்வில் சேர்த்திருந்தார்கள். நோயாளிகளின் வாழ்க்கைத்தரம் கூடியது. கவனிக்கிறவர்களுக்கென்று தனிக் கையேடே இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அப்பாவின் மூச்சைக் கேட்டபடி விழித்துக் கிடந்த அம்மா, அந்த நாட்களில் தன் சுகர் மாத்திரையைப் பாதி நாள் மறந்தே போனார். அவரிடம் யாரும் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்கவில்லை.

உங்களிடம் ஆள் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களின் வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட் போகிறார். இதயச் செயலிழப்பு உள்ளவர்களையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். டாக்டர் பார்த்து அனுமதித்த பயிற்சியை அந்தப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து கற்றுத்தரட்டும். எடை மெஷின் வாங்க முடியாத வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். எப்போது பயப்பட வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள்.

அம்மா இப்போது அப்பாவின் எடையைத் தினமும் காலையில் காலண்டரில் எழுதிவைக்கிறார். அடுத்த முறை மாத்திரை கொண்டுவரும் அக்கா, அந்தக் காலண்டரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்